684 கிலோஹெர்ட்ஸில் போர்ட் பிளேர்: சாயும் லூப் தந்த பலன்

மத்திய அலை 684 கிலோஹெர்ட்ஸில் கோழிக்கோடு வானொலியை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில் மறைந்து கிடக்கும் போர்ட் பிளேர் வானொலியைப் பாளையங்கோட்டையிலிருந்து கேட்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசை, சட்டத்தில் கம்பி சுற்றிச் செய்த லூப் ஆன்டெனாவால் இந்த மார்கழியில் நிறைவேறியது. இரண்டுமே 100 கிலோவாட் நிலையங்கள்தாம். ஆனால் கோழிக்கோடு நமக்கு வடமேற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போர்ட் பிளேரோ வங்கக் கடலுக்கு அப்பால், 1,650 கிலோமீட்டரையும் தாண்டி இருக்கிறது.

தொலைவு மட்டுமே தடையன்று. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடங்களுள் ஒன்றைக் கிருஷ்ணாபுரத்தில் அமைத்திருப்பதற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டின் அருகே காந்தப்புலம் தரைக்கு இணையாக வடக்கு தெற்காகக் கிடப்பதால், செங்குத்தான கோபுரத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்கு மேற்காகச் செல்லும் மத்திய அலை, அயனி மண்டலத்தில் புகும்போதே தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. வடக்கிலிருந்து வரும் அலைக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. ஐதராபாத்தின் 738 இரவில் இங்கே கணீரென்று கேட்பதும், அந்தமான் மட்டும் அரிதாகவே எட்டிப் பார்ப்பதும் இதனால்தான் என்பது என் கருத்து.

லூப் கட்டும் முறை வானொலி ஆர்வலர்களான நம்மவர்களுக்குத் தெரிந்ததே என்பதால் அளவுகளை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒரு மீட்டர் சதுரச் சட்டம். சுருளின் மதிப்பு 200 மைக்ரோஹென்றி அளவில். அலைவரிசைக்கு ஒத்திசைக்க, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய 2ஜே கேங்கின் (தகடுகளுக்கிடையே காற்று இருக்கும் மாறு மின்தேக்கி) ஒரு பகுதி. 684க்கு 270 பிக்கோஃபாரட் போதும் என்பதால் கேங் பாதி மூடிய நிலையில் ஒத்திசைவு கிடைக்கிறது. கம்பியை டவுனில் மோட்டார் வைண்டிங் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கடையில் எடை போட்டு வாங்கினேன். டிரான்சிஸ்டர் ரேடியோவில் வரும், பிளாஸ்டிக் தாள் இட்ட பிவிசி கேங்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். காற்றிடைக் கேங் தரும் கூர்மை அதில் வருவதே இல்லை.

என் உழைப்பு முழுவதும் சென்றது அலை அடங்கும் திசையைப் பிடிப்பதில்தான். லூப்பின் அச்சு ஒரு நிலையத்தின் அலை வரும் திசையை நேராக நோக்கினால் அந்த நிலையம் அடங்கிவிடும். வானொலிப் பெட்டியை லூப்பின் அருகே மேசையில் வைத்துவிட்டு லூப்பை மட்டும் திருப்பினால் கோழிக்கோடு குறையுமே தவிர அடங்காது. பெட்டிக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடு அதே அலையைத் தனியாக வாங்கிக்கொண்டிருப்பதே காரணம். என்னுடைய டெக்சன் பிஎல்-880இல் மத்திய அலைக்கு வெளி ஆன்டெனா இணைக்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே ராடு லூப்பின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி, அதாவது பெட்டியின் நீளவாட்டம் சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி, ஒரு பலகையில் வைத்துச் சட்டத்தோடு சேர்த்தே கட்டிவிட்டேன். இப்போது இரண்டும் ஒன்றாகத் திரும்புகின்றன. இரண்டுக்கும் ஒரே திசையில் அலை அடங்குகிறது.

இதற்குப் பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. பகலில் தூத்துக்குடியின் 1053 போன்ற 200 கிலோவாட் நிலையத்தைக்கூடத் தரை அலையாக வரும்போது லூப்பைச் சுழற்றியே ஏறக்குறைய மௌனமாக்க முடிகிறது. இரவில் கோழிக்கோடு அப்படி வருவதில்லை. அது மேலிருந்து சரிந்து இறங்கும் வான் அலை. அயனி மண்டலத்தின் கீழடுக்கு நூறு கிலோமீட்டர் உயரம் என்று கொண்டால், அந்தத் தொலைவிலிருந்து வரும் அலை கிட்டத்தட்ட 30 பாகைச் சரிவில் இறங்கும். மேலடுக்கில் பட்டுத் திரும்பினால் 50 பாகையையும் தாண்டும். லூப்பின் அச்சு தரைக்கு இணையாகவே இருக்கும்வரை அதை ஒழிக்க வழியில்லை. அச்சின் ஒரு முனையை வடமேற்கு வானை நோக்கி உயர்த்திப் பிடிக்க வேண்டும். போர்ட் பிளேரின் அலை தொலைவின் காரணமாக அடிவானத்தை ஒட்டியே, பெரிதும் வேறான திசையிலிருந்து வருவதால், இந்தச் சாய்வினால் அதற்கு நேரும் இழப்பு சிறிதே. சாய்க்கும் மூட்டு ஒன்றைச் சட்டத்தின் அடியில் பொருத்திய பிறகுதான் இவ்வளவு காலப் பொறுமைக்கும் பலன் கிடைத்தது.

சாய்வைச் சரிபார்க்க மிகவும் உதவிய அடையாளம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரு நிலையங்களின் அலைவெண்களும் இம்மியளவு வேறுபடுவதால் ஒலியில் ஒரு மெல்லிய துடிப்பு எழுகிறது. சட்டத்தைச் சாய்க்கச் சாய்க்க அந்தத் துடிப்பு ஆழமாகிக்கொண்டே போகும்; அது மிக ஆழமாகும் இடத்தில் இரு அலைகளும் சம வலுவில் இருக்கின்றன என்று பொருள். அதையும் கடந்து துடிப்பு தணியத் தொடங்கினால் பின்னால் இருந்தது முன்னால் வந்துவிட்டது. செவியை மட்டும் நம்பி, முள்ளையோ எண்ணையோ பார்க்காமல் இதைச் செய்ய முடிகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நேரமும் முக்கியம். போர்ட் பிளேர் நமக்குக் கிழக்கே 15 பாகை தள்ளி இருப்பதால் அங்கே ஒரு மணி நேரம் முன்னதாகவே இருட்டிவிடுகிறது. எங்கள் தட்டட்டியில் அந்தி மயங்கும் வேளையில், கோழிக்கோட்டின் வான் அலை முழு வலுவை எட்டுவதற்கு முன்னரே, இந்தி அறிவிப்பும் பாட்டும் மேலெழுந்து வந்தன. பிறகு மலையாளம் குறுக்கிட்டபோது சாய்வைச் சற்று மாற்றியதும் மீண்டும் இந்தி நின்றது. தில்லிச் செய்தியை இரண்டு நிலையங்களும் அஞ்சல் செய்யும் நேரங்களில் எது எதுவெனப் பிரித்தறிய இயலாது. உள்ளூர் நிகழ்ச்சி நேரங்களையே தேர்ந்துகொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையின் இடிமின்னல் ஓய்ந்த மார்கழியில் வானம் அமைதியாக இருந்ததும் துணைசெய்தது.

மூட்டு இன்னும் என் மனத்துக்கு ஒத்ததாக இல்லை. பெட்டியின் எடை தாங்காமல் விங் நட் மெல்ல நெகிழ்கிறது. ஓரிரு பாகை நழுவினாலும் கோழிக்கோடு திரும்ப வந்துவிடுகிறது. கடைகளில் கிடைக்கும் மலிவான விங் நட்டுகளின் மரை தேய்ந்துபோகும் வேகம் எரிச்சலூட்டுகிறது. ஆசாரியிடம் வேங்கை மரத்தில் பல் வெட்டிய வட்டு ஒன்று சொல்லியிருக்கிறேன். பாகைக் குறியும் அதில் இருந்தால் ஒவ்வொரு மாலையும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.

அது வருவதற்குள்ளாகவே உவரிக் கடற்கரைக்கு லூப்பை எடுத்துச் செல்லும் எண்ணம் வலுத்துவிட்டது. உப்பு நீரை ஒட்டிய இடத்தில், தாழ்வான கோணத்தில் வரும் அலை நன்றாக ஏறும்; தெருவின் எல்இடி விளக்குகள் எழுப்பும் இரைச்சலும் அங்கே இராது. பாளையங்கோட்டையில் எனக்கு இருக்கும் மற்றொரு தொல்லையும் அங்கே குறையக்கூடும்: உள்ளூர் 1197உம் தூத்துக்குடி 1053உம் பெட்டிக்குள் கலந்து 909இலும் 1341இலும் போலி ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. அந்த இரண்டு இடங்களிலும் உண்மையில் என்ன கேட்கிறது என்பதை உவரியில் முதலில் பார்க்கப் போகிறேன்.