வட்டெழுத்து படிக்கப் போய் வெள்ளெழுத்து

நாற்பத்து மூன்று வயதில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் இருக்கும் ஜவுளிக் கடையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சென்னைக்கு எம்.ஏ. தொல்லியல் படிக்கப் போனேன். 2023-ல் சேர்ந்து 2025-ல் முடித்தாயிற்று. "எப்படிக்கா போனீங்க, எனக்கும் ஆசையா இருக்கு" என்று புடவை எடுக்க வருகிறவர்களில் மாதம் ஒருத்தராவது கேட்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் அரைமணி நேரம் பேசினால் வியாபாரம் என்ன ஆவது? எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் தொகரப்பள்ளி, மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டசபையில் அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய இரும்பு! அதற்கு முன்பே ஓர் அரிப்பு உண்டு. எங்கள் குலசாமி வேடியப்பன். கல்லில் வில்லோடு நிற்கும் ஆள், தலைக்கு மேலே இரண்டு வரி எழுத்து. நம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவதில் பலவும் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்தான் என்பது பின்னால் தெரிந்தது. அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று பூசாரிக்கும் தெரியாது, பங்காளிகளுக்கும் தெரியாது. தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தவள் நான். எம்.ஏ.வும் தபாலிலேயே முடிக்கலாமே என்றார்கள். கல்வெட்டு வாசிக்கத் தபாலில் எப்படிக் கற்றுக்கொள்வது?

முதலில் பேப்பர் விஷயம். எம்.ஏ. சேர வயது தடையாக இருக்கவில்லை. இனிஷியல்தான் தடையாக இருந்தது. டிகிரி சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியல் 'கோ', ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் 'ச'. சர்டிபிகேட் சரிபார்ப்பில், இது நீங்கள்தானா என்று கேட்டு ஒதுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். நோட்டரியிடம் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் சேர்த்தார்கள். கல்யாணமான பெண்கள் விண்ணப்பம் போடும் முன்பே இதைப் பாருங்கள். பட்டம் வாங்கிய பல்கலைக்கழகமும் சேரும் பல்கலைக்கழகமும் வேறு வேறென்றால் மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். அதற்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

திருவல்லிக்கேணியில் ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டல். வார்டன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். விண்ணப்பத்தில் கார்டியன் கையெழுத்து கட்டாயம் என்றார். அப்பா இல்லை, வீட்டுக்காரர் கடையில். கூட வந்திருந்த என் மகன், இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம், 'உறவு: மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒன்பது மணிக்கு மேல் அம்மாவை வெளியே விட வேண்டாம் என்று வார்டனிடம் சொல்லிவிட்டும் போனான், படவா. அந்த ஹாஸ்டலில் வாங்கிய இரண்டு மாத அட்வான்ஸ் இன்றுவரை திரும்பவில்லை. அட்வான்ஸுக்குத் தனி ரசீது வாங்காதது என் தப்பு.

வகுப்பில் முதல் வாரம் ஆன்ட்டி, மூன்றாம் வாரம் அக்கா. பேராசிரியரும் என்னைவிட இளையவர்தான். அவர் 'மேடம்' என்பார், நான் 'சார்' என்பேன். வகுப்பே சிரிக்கும். இதற்கெல்லாம் கூச்சப்பட்டால் வேலைக்காகாது.

கண்தான் படுத்தியது. வட்டெழுத்து படிக்க வந்தவளுக்கு வெள்ளெழுத்து! கடையில் பில் போட வைத்திருந்த ரெடிமேட் கண்ணாடியை எடுத்துப் போனேன். நோட்டு தெரிந்தால் போர்டு தெரியாது, கழற்றினால் நோட்டு தெரியாது. வட்டெழுத்து என்பது பழைய தமிழ்க் கல்வெட்டு எழுத்து. அதன் பிற்கால வடிவில் ப எது, வ எது என்று கண் நன்றாக இருக்கிறவர்களே திணறுவார்கள். இரண்டு மாதம் வீணாக்கிவிட்டு டாக்டரிடம் போய் பைஃபோகல் போட்டேன். நீங்கள் வகுப்பு தொடங்கும் முன்பே போடுங்கள்.

அடுத்தது கை. இருபது வருஷமாக பில்லைத் தவிர எதுவும் எழுதாத கை, மூன்று மணி நேரம் எழுதச் சொன்னால் ஒன்றரை மணி நேரத்தில் மரத்துப்போகிறது. பழைய வினாத்தாளில் தினம் ஒரு பத்து மார்க் கேள்வியை, கடிகாரம் வைத்து, பேனாவால் எழுதிப் பாருங்கள். வேறு வழியில்லை.

ஞாபக சக்தி போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரிய பொய் என்பேன். எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எந்தக் கலர் புடவைக் கட்டு இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பல்லவர்களையும் அப்படியே அடுக்கினேன். மேல் தட்டில் சிம்மவிஷ்ணு, அடுத்து மகேந்திரவர்மன், அதற்குக் கீழே நரசிம்மவர்மன். பரீட்சை ஹாலில் ரேக் முழுதும் கண்முன் வந்து நின்றது.

ஆனாலும் முதல் செமஸ்டரில் ஒரு அரியர். அதுவும் கல்வெட்டியலில், எதற்காகப் போனேனோ அதிலேயே. காரணம் ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாத குறை நமக்குப் புதிதா என்ன. சனி முழுக்கக் கடைக் கணக்கு, ஞாயிறு துணி துவைத்து, மாவரைத்து, மாமியாருக்கு மாத்திரை வாங்கி வைத்து, திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதே ரயில். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். யாரும் என்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் போனேன், என்னை விட்டால் வீடு நடக்காது என்ற நினைப்பில். இரண்டாம் செமஸ்டரிலிருந்து மாதம் ஒருமுறைதான் ஊர். வீடு நன்றாகத்தான் நடந்தது. சொல்லப்போனால் அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மிச்சமான சனிக்கிழமைகளில், கல்வெட்டைத் தாளில் பிரதியெடுக்கும் மைப்படி பழகினேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். எங்கள் வேடியப்பன் மேல் மை ஒற்றப் பங்காளிகள் விடவில்லை. சாமி மேல மை பூசுவியா என்று பெரிய மாமனார் சத்தம் போட்டார். பொங்கலன்று அபிஷேகத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினார்கள். இருட்டியதும் மகன் பக்கவாட்டில் சாய்த்து டார்ச் அடிக்க, குனிந்து பார்த்தேன். முதல் வரி தேய்ந்துவிட்டது. இரண்டாவதில் 'தொறு' தெரிந்தது, கடைசியில் 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். மாடு பிடிச் சண்டையில் செத்தவன். பெரிய மாமனார், "நம்ம சாமி மாட்டுக்காகவா செத்தாரு?" என்று நாலு தடவை கேட்டார்.

படித்து முடித்து வேலை கிடைக்குமா என்பார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. அது நமக்கு இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுத வயது வரம்பு கிடையாது. தொல்லியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், கம்ப்யூட்டரில் எழுதுவதால் கையும் வலிக்காது. விண்ணப்பம் போட்டுவிட்டேன். இந்தத் தடவை இனிஷியலை மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.