அப்பாயியின் ஸ்லைட்

நேற்று ராத்திரி சொட்டச் சொட்டத் தொங்கிய பிலிமை பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொழுந்துக் கூடையோடு அப்பாயி. நெகட்டிவ் இல்லை, நேர்ப்படம். நரைமுடி வெள்ளையாகவே இருக்கிறது, நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம்கூடத் தெரிகிறது.

கறுப்பு வெள்ளை ஸ்லைட் கழுவ இங்கே கடை ஏது? ஃபோமாபான் ஆர் 100 பிலிம் போட்டு எடுத்து, குசினியிலேயே கழுவுகிறேன். முதல் டெவலப்பரில் வெள்ளியாலான நெகட்டிவ் உருவம் வரும். பெர்மாங்கனேட்டும் சல்பூரிக் அமிலமும் கலந்த கரைசல் அந்த வெள்ளியைக் கரைத்துவிடும். (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.) மெட்டாபைசல்பைட் கரைசலில் பெர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை போனதும், பிலிமில் மிச்சமிருக்கும் வெள்ளி உப்புக்கு வெளிச்சம் காட்டி மறுபடி டெவலப் செய்தால் படம் நேராக வரும்.

பெர்மாங்கனேட் பிலிமின் பூச்சை இளக்கிவிடும். கொழும்பில் ஒருமுறை தண்ணீர்ச் சூட்டில் பூச்சு உரிந்து 36 படமும் போய்விட்டது, அழுகையே வந்தது. இங்கே தலவாக்கலை மலையில் பீலியில் (ஊற்றுநீர் விழும் குழாயில்) வரும் தண்ணீரே போதுமான குளிர்.

அப்புறம், வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். வெளிறிப்போன வானத்தை ஸ்லைடில் மீட்கவே முடியாது.

காலையில் அப்பாயியிடம் காட்டினேன். ஜன்னலோரம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இத எனக்கே குடுத்துருய்யா" என்றார்.