கோலனுக்குப் பின்னால் ஒரு திஸ்

ஜாவாவில் ஊறிப்போனவர்கள் சி ஷார்ப் கோடைத் திறந்ததும் கண்ணை உறுத்துவது கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வரிதான். பாராமீட்டர் அடைப்புக்குறி முடிந்ததும் ஒரு கோலன் (:), அடுத்து திஸ் (this), மறுபடியும் ஓர் அடைப்புக்குறி. அப்புறம்தான் பாடி வருகிறது, அதுவும் பல நேரம் காலியாக. "உள்ளே ஒண்ணுமே இல்லையே, தூக்கிடலாமா?" என்று எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

தூக்கக் கூடாது. வேலை நடப்பதே கோலனுக்குப் பின்னால்தான்: அங்குள்ள திஸ் அதே கிளாஸின் இன்னொரு கன்ஸ்ட்ரக்டரை அழைக்கிறது. எங்களிடம் ஒரு டேட்டாபேஸ் இணைப்பு கிளாஸ் உண்டு. சர்வர் பெயரை மட்டும் வாங்க ஒரு கன்ஸ்ட்ரக்டர், போர்ட்டையும் சேர்த்து வாங்க ஒன்று, டைம்அவுட் வரைக்கும் வாங்க இன்னொன்று. முன்பு மூன்றிலும் ஒரே வரிகள் காப்பியடிக்கப்பட்டிருந்தன. டைம்அவுட்டை யாரோ 30 நொடியிலிருந்து 60 ஆக்கியபோது ஒன்று மட்டும் விட்டுப்போனது. போர்ட் கொடுத்தால் ஒரு நடத்தை, கொடுக்காவிட்டால் இன்னொன்று! இப்போது சின்னவை இரண்டும் விடுபட்டதை நிரப்பிப் பெரியதிடம் ஒப்படைக்கின்றன. ஃபீல்டில் (ஆப்ஜெக்ட்டுக்குள் மதிப்பு இருக்கும் இடத்தில்) மதிப்பு வைப்பது அது ஒன்றுதான்.

ஜாவாவில் இதே அழைப்பு பாடிக்குள் இருக்கும். அதனால்தான் 'முதல் வரியாகவே இருக்க வேண்டும்' என்று தனியாக ஒரு விதி தேவைப்பட்டது. சி ஷார்ப்பில் எழுதும் இடமே விதியைச் சொல்லிவிடுகிறது. 2025-இல் வந்த ஜாவா 25 இதைத் தளர்த்தியது: உருவாகிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்டைப் படிக்காத வரை, சூப்பருக்கு (super, தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வரிக்கு) முன்னால் ஆர்கியுமென்ட்டைச் சரிபார்க்கலாம். ரொம்ப நாளாக வேண்டியிருந்த வசதி.

சிண்டாக்ஸ் பழகிவிடும், வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே சேய் கிளாஸின் பாடி ஓடும். தாய், நடுவில் ஓவர்ரைடு ஆகக்கூடிய (சேய் மாற்றி எழுதக்கூடிய) மெத்தடைக் கூப்பிட்டால், ஜாவாவில் சேயின் மெத்தட் ஓடும், சேயின் ஃபீல்டுகள் பெரும்பாலும் இன்னும் மதிப்பு ஏறாமல் (null போல) இருக்கும்போது. டிக்ளரேஷனிலேயே மதிப்பு கொடுத்திருந்தாலும் இதே கதைதான். சி ஷார்ப்பில் அப்படிக் கொடுத்த மதிப்பு முன்பே ஏறியிருக்கும், பாடியில் வைப்பது மட்டும் இருக்காது. சி பிளஸ் பிளஸோ சேயை எட்டிக்கூடப் பார்க்காமல் தாயின் மெத்தடையே ஓட்டிவிடும்.

ஆகவே ரிவ்யூவில் தாய் கன்ஸ்ட்ரக்டருக்குள் மெத்தட் அழைப்பைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: சேய் ஓவர்ரைடு செய்ய முடியாதபடி இதை பிரைவேட் ஆக்க முடியுமா? முடியாது என்று பதில் வந்தால், அந்த அழைப்பைக் கன்ஸ்ட்ரக்டரை விட்டு வெளியே எடுக்கச் சொல்வேன்.