பச்சைக் கதவுகளைத் தேடி: லேடி பக் நாட்குறிப்பு

ஜனவரி 4

பல வருடமாக ஒரு விளையாட்டு பெயரில்லாமல் என் நினைவில் கிடந்தது. சின்ன வயதில் ஒரே ஒரு நாள் விளையாடியது. கறுப்புத் திரை, புதிர்ப்பாதை, பொட்டுப் பொட்டாகத் தின்றுகொண்டே போகும் ஏதோ ஒன்று. யாரிடம் சொன்னாலும் "அது பேக்-மேன்தான்" என்பார்கள், நானும் சரி என்று விட்டுவிடுவேன். ஆனால் தள்ளினால் சுழலும் பச்சை நிறக் கதவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பேக்-மேனில் கதவு ஏது?

இன்று இரவு, காசு போட்டு எந்திரத்தில் ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் திரைக்காட்சிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பச்சைக் கதவுகள் வந்து நின்றன. லேடி பக். யுனிவர்சல் என்ற ஜப்பானிய நிறுவனம் 1981இல் வெளியிட்டது. தின்றுகொண்டு போனது ஒரு பொறிவண்டு! எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

ஜனவரி 5

மேம் எமுலேட்டரில், அதாவது பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளில், லேடி பக் ஓடுகிறது. மேமின் முதல் பதிப்பு 1997 பிப்ரவரியில் வந்தது, அதைத் தொடங்கிவைத்தவர் நிக்கோலா சால்மோரியா. இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து எந்திரங்களின் மின்சுற்றுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் இந்த மாதிரி விளையாட்டெல்லாம் பழுதான எந்திரங்களோடு சேர்ந்து போயிருக்கும். அவர்களுக்கு என் நன்றி.

இதன் திரை நெட்டுவாக்கில் இருக்கும், அதனால் மானிட்டரைத் திருப்பி நிறுத்தினேன். ஜாய்ஸ்டிக்கையும் நான்கு திசைக்கு மட்டும் என்று மாற்ற வேண்டியிருந்தது. எட்டுத் திசையில் விட்டால் மூலையில் திரும்பும் நேரத்தில் கை சற்றுச் சாய்ந்தாலும் திருப்பம் தவறிவிடுகிறது. இதை மாற்றாமல் விளையாடிவிட்டு "கட்டுப்பாடு சரியில்லை" என்று யாராவது மூடிவைத்தால் அது இந்த விளையாட்டின் குற்றம் இல்லை.

ஜனவரி 7

கதவுகளைப் பற்றி எழுத வேண்டும். மொத்தம் இருபது. பொறிவண்டு ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அது கால்வட்டம் சுழன்று நிற்கும், ஒரு வழி திறக்கும், இன்னொரு வழி அடைபடும். எதிரிப் பூச்சிகளால் கதவைத் தள்ள முடியாது. அவற்றுக்கு அது வெறும் சுவர்.

இந்த ஒரு விதிதான், ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஒரு பூச்சி முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது, நான் ஒரு கதவுக்குள் புகுந்து போகிறேன், அது அங்கேயே நின்று வேறு வழி தேடிப் போகிறது. முதல் நாள் இதைத் தப்பிக்க மட்டும்தான் பயன்படுத்தினேன். இன்று, போகிற போக்கில் அடுத்த நிமிடத்துக்கான கதவுகளையும் சேர்த்துத் திருப்பிவைத்துக்கொண்டு போக முடியும் என்று புரிந்தது. எல்லாச் சுற்றிலும் புதிர்ப்பாதை ஒன்றேதான், சுவர்கள் மாறுவதே இல்லை. கதவுகளால்தான் அது ஒவ்வொரு நிமிடமும் வேறு பாதையாகிறது, அப்படி மாற்றுவது நான் மட்டும்.

ஜனவரி 8

நேரமில்லை. இரண்டே ஆட்டம். மூன்றாம் சுற்று.

ஜனவரி 11

நான்கு நாளாக நான் இதைப் பாதிதான் விளையாடியிருக்கிறேன். பாதையில் கிடக்கும் இதயங்களும் எழுத்துகளும் நிறம் மாறிக்கொண்டே இருப்பதை அலங்காரம் என்று நினைத்து வந்தேன், கண்ணில் பட்டவுடன் எடுத்துவிடுவேன். இன்று விதிகளை நிதானமாகப் படித்தேன்.

நிறம் மூன்று: நீலம், மஞ்சள், சிவப்பு. நீலத்தில் எடுத்தால் 100 புள்ளி, மஞ்சளில் 300, சிவப்பில் 800. நீலம் அதிக நேரம் நிற்கும், சிவப்பு கண் சிமிட்டுவதுபோல வந்து போய்விடும். ஆனால் புள்ளியைவிட முக்கியமான விஷயம் வேறு இருக்கிறது. எழுத்தை மஞ்சளில் எடுத்தால் திரையின் மேலே உள்ள எக்ஸ்ட்ரா (EXTRA) என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்து நிரம்பும், அது முழுதானால் கூடுதல் உயிர். சிவப்பில் எடுத்தால் ஸ்பெஷல் (SPECIAL) என்ற சொல்லில் நிரம்பும், அது முழுதானால் இலவசமாக இன்னொரு ஆட்டம். ஈ (E), ஏ (A) என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இரண்டு சொல்லுக்கும் பொது. இதயங்களை நீலத்தில் எடுத்தால் புள்ளி பெருகும்: முதல் இதயத்துக்கு இரண்டு மடங்கு, அடுத்ததுக்கு மூன்று, மூன்றாவதுக்கு ஐந்து. அதாவது அற்பமான 10 புள்ளிப் பொட்டு 50 ஆகிவிடுகிறது.

ஆக, எந்த நிறம் உயர்ந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இதயம் மஞ்சளாகும்போது ஆசைப்பட்டு எடுத்தால் 300 கிடைக்கும், பெருக்கம் போய்விடும். ஏ சிவப்பில் இருக்கிறது, எனக்கு எக்ஸ்ட்ராவுக்குத்தான் ஏ வேண்டும், எடுப்பதா பொறுப்பதா? பொறுத்தால் பூச்சி வருகிறது. அந்த எழுத்தைச் சுற்றியே கதவைத் தட்டித் தட்டி வட்டமடித்துக்கொண்டு நிறத்துக்காகக் காத்திருக்கிறேன், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 1981இல் எழுதிய ஒரு விளையாட்டு!

ஜனவரி 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "என்ன இருந்தாலும் பேக்-மேனைப் பார்த்துச் செய்ததுதானே" என்றார். சரி, 1980இல் பேக்-மேன் வராமல் இது வந்திருக்காது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேக்-மேனில் நாம் ஒரே மாதிரி நகர்ந்தால் துரத்தும் பேய்களும் ஒரே மாதிரி நகரும், அதனால் பாதையை மனப்பாடம் செய்தே பல சுற்றுகளைத் தாண்டினார்கள். லேடி பக்கில் எழுத்துகளும், தொட்டால் உயிர் போகும் மண்டை ஓடுகளும் எங்கே கிடக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மனப்பாடம் உதவாது. அந்தந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். நகல் என்று ஒரு சொல்லில் இதை ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜனவரி 16

அக்கா வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தவள் திடீரென்று, "டேய், அந்தப் பூச்சி மண்டை ஓட்டில் மோதிச் செத்துப் போச்சு, பார்த்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. மண்டை ஓட்டைத் தொட்டால் பொறிவண்டு சாகும் என்று மட்டும்தான் மனதில் ஓடியது, பூச்சிகளும் அதில் மோதிச் சாகும், செத்தது நடுக்கூட்டுக்குத் திரும்பிவிடும். முதல் சுற்றில் மண்டை ஓடு இரண்டுதான், பின்னால் போகப்போக ஆறு வரை ஆகிறது. கூடுவது எனக்கு மட்டும் ஆபத்து இல்லை என்று இப்போது தெரிகிறது, பக்கத்து வழியைக் கதவால் அடைத்தால் பூச்சி அந்தப் பக்கமாகவே போக வேண்டிவரும்.

அப்புறம் அவளும் விளையாடினாள். இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். திரையின் ஓரத்தைச் சுற்றி ஓடும் கட்டங்களைக் காட்டி "இது என்னடா கடிகாரமா?" என்றாள். கடிகாரமேதான். அது திரையை ஒரு முறை சுற்றி முடித்தால் ஒரு பூச்சி வெளியே வரும், நான்கும் வந்துவிட்டால் நடுவில் ஒரு காய்கறி தோன்றும். முதல் சுற்றில் வெள்ளரிக்காய், 1000 புள்ளி, அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் 500 கூடி, பதினெட்டாவதில் 9500. காய்கறியைத் தின்றால் பூச்சிகள் சில நொடி அப்படியே நின்றுவிடும், ஆனால் நிற்கும் பூச்சியைத் தொட்டாலும் உயிர் போகும். அக்கா அப்படித்தான் போனாள், உடனே "இன்னொரு தடவை" என்றாள்.

ஜனவரி 19

எட்டாம் சுற்று. இதுவரை சுற்றுக்கு ஒரு புதிய வகைப் பூச்சி வந்தது. ஒன்பதிலிருந்து ஒரே சுற்றில் நான்கு வகை கலந்து வருமாம், இன்னும் அங்கே போகவில்லை.

ஜனவரி 23

எக்ஸ்ட்ராவில் நான்கு எழுத்து நிரம்பிவிட்டது, ஆர் மட்டும் பாக்கி. ஆறாம் சுற்றில் கீழே இடது மூலையில் ஆர் கிடந்தது, நீலம். இரண்டு பூச்சி அந்தப் பக்கம், கையில் கடைசி உயிர். பொட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் இரண்டு கதவை அடைத்தேன், ஒரு பூச்சி திரும்பிப் போனது. நிறம் சிவப்பானது, தொடவில்லை. மஞ்சளாவதற்குள் மற்றப் பூச்சி மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. கதவைத் தள்ளி வெளியே வந்து அதே கதவு வழியே மறுபடி உள்ளே போனேன், அப்போது மஞ்சள்.

கிடைத்துவிட்டது. மணி பன்னிரண்டரை. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன், அவள் விழித்துத்தான் இருந்தாள். "ஸ்பெஷலில் எத்தனை எழுத்து இருக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு.