ஆம்னியின் இரண்டாம் சிலிண்டர்

2023 டிசம்பர் 17

ஆயக்குடியிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொய்யாப் பெட்டிகள் ஏற்றிச் செல்வதற்காக, மூன்று மாதங்களுக்கு முன் 1999-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி ஒன்றை நானும் தம்பியும் வாங்கினோம். ஒரு மாதமாக, விடியற்காலையில் கிளப்பும்போது வண்டி முழுவதும் உதறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் நின்றுவிடுகிறது. ஆறேழு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் உதறல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் இழுவை போதவில்லை.

இன்று பட்டறையில் காட்டினோம். காது கொடுத்துக் கேட்ட மெக்கானிக், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்கி போர் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்க) வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்றார். வண்டியை வாங்கியதே 55,000 ரூபாய்க்குத்தான். தேய்ந்த ரிங்குகளும் குளிரில் மோசமாகவும் சூட்டில் சற்றுத் தேறியும் நடந்துகொள்ளும் என்பதால், அவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அன்று. ஆனாலும் ஓர் அளவுகூட எடுக்காமல் என்ஜினைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. வரும் ஜூனில் பதிவை மீண்டும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், இந்த என்ஜின் தேறுமா என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

2023 டிசம்பர் 19

ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கி மூடியைக் கழற்றினால் 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அந்தச் சிறிய என்ஜின் கைக்கு எட்டிவிடும்.

காலையில் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பி, காப்பிட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். முதல் ஒயரைக் கழற்றியதும் என்ஜின் திணறியது. மூன்றாவதைக் கழற்றியபோதும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது ஓசையில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை என்பது அதனால் உறுதியாயிற்று.

இரண்டாம் பிளக்கை மூன்றாவதற்கு மாற்றினேன். குறை இரண்டிலேயே நின்றது. ஒயரையும் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் குறை இடம் மாறவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி உட்புறத்தில் விரிசலோ கரிக்கோடோ தென்படவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்யலாமே என்று தம்பி கேட்டான். மூன்று சிலிண்டர்களுக்கும் ஒரே கார்புரேட்டர்தான் பெட்ரோல் கொடுக்கிறது. குறை அதில் இருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துக்கொள்ளாது என்பதால், அதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

2023 டிசம்பர் 22

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ், பழனியில் தெரிந்தவரிடமிருந்து இரவல் கிடைத்தது. பிளக்குகள் மூன்றையும் கழற்றி, காயிலுக்குப் போகும் இணைப்பைத் துண்டித்து, தம்பி ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே கால அளவு ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டோம். ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் காற்று போதுமான அளவு உள்ளே வராமல் எல்லா அளவுகளும் குறைந்தே காட்டும்.

குளிர்ந்த நிலையில் முதல் சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு 11.4 கிலோ, இரண்டாவது 6.8, மூன்றாவது 11.2. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து எடுத்தபோது முறையே 12, 9.5, 11.8. சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்கிறது கையேடு.

அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அறிய, மறுநாள் காலை வரை என்ஜினைக் குளிரவிடப் போகிறேன்.

2023 டிசம்பர் 23

பிளக் துளை வழியாக இரண்டாம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டேன். ஆம்னியின் என்ஜின் சாய்ந்து கிடப்பதால் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். அது பிஸ்டனைச் சுற்றிப் பரவுவதற்காகச் சில சுற்றுகள் சுழற்றிய பிறகே கேஜை மாட்டினேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவைக் கணிசமாக உயர்த்தியிருக்கும். 6.8 என்பது 7.1 ஆனதோடு சரி. ஒப்பீட்டுக்காக நல்ல நிலையிலுள்ள முதல் சிலிண்டரிலும் அதே அளவு விட்டுப் பார்த்தேன். அங்கே இதைவிடச் சற்று அதிகமாகவே உயர்ந்தது. ஆகவே காற்று ரிங் வழியாகப் போகவில்லை.

மாலையில் பங்க்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் கூட்டில் லேத் பட்டறையில் ஒரு காற்று முனையைப் பற்றவைத்து வாங்கி வைத்திருந்தேன். இரண்டாம் பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிற்கும்படி வைத்து, நான்காம் கியர் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் காற்றைச் செலுத்தினோம். இந்தக் காப்பு இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் பிஸ்டன் கீழிறங்கி வண்டியே நகர்ந்துவிடும். ரேடியேட்டரில் குமிழி வரவில்லை என்பதால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டில் பழுதில்லை. கார்புரேட்டர் வாயில் ஓசையில்லை என்பதால் உள்ளிழு வால்வு நன்றாக மூடுகிறது. ஆயில் ஊற்றும் துளையில் மெல்லிய சீறல் மட்டுமே இருந்தது; அது எந்த என்ஜினிலும் இருப்பது. சைலன்சர் குழாயில் காதை வைத்த தம்பி, "அண்ணே, இங்கதான் போகுது!" என்று கத்தினான். எரிந்த புகையை வெளியேற்றும் புகைபோக்கி வால்வு மூடவில்லை.

2023 டிசம்பர் 24

வால்வு மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில், மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். குளிர்ந்த நிலையில் 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாம் சிலிண்டரின் புகைபோக்கி வால்வில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மற்ற இரண்டு புகைபோக்கி வால்வுகளிலும் 0.08 அளவுதான் இருந்தது.

காலையில் மோசமாகவும் பிறகு தேறியும் ஓடியதற்கான காரணம் இப்போது விளங்குகிறது. இந்த என்ஜினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூடேறும்போது எஃகு வால்வைவிட அதிகமாக விரிகிறது. அதனால்தான் சூடான நிலைக்கான இடைவெளியைக் கையேடு 0.23 முதல் 0.28 வரை என்று கூட்டிச் சொல்கிறது. குளிரில் முழுவதும் மூடாமல் நின்ற வால்வு, ஹெட் விரிந்ததும் ஓரளவுக்கு அமர்ந்திருக்கிறது.

வாங்கிய அன்று, "என்ஜின்ல டேப்பெட் சத்தமே இருக்காது" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார், நாங்களும் மகிழ்ந்தோம். டேப்பெட் என்று பட்டறையில் சொல்வது இந்த வால்வு இடைவெளியைத்தான். அது கூடினால் டக் டக் என்று ஓசை எழும். எரிச்சலாக இருந்தாலும் அதனால் உடனடி ஆபத்து குறைவு. இடைவெளி இல்லாமல் போனால் ஓசையே இராது. ஆனால் புகைபோக்கி வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும், மூடும்போது தான் அமரும் வளையமான இருக்கை வழியாகத்தான் வெளியேற்றுகிறது என்பதால், இருக்கையில் அமர முடியாத வால்வு சீக்கிரமே கருகிவிடும்.

2023 டிசம்பர் 26

வால்வு இடைவெளி தானாக ஏன் குறைந்தது என்ற கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. இன்று பின்புறத்தைச் சுத்தம் செய்யும்போது, விரிப்பின் அடியில் உருளைத் தொட்டி பொருத்திய தழும்பும் நான்கு போல்ட் துளைகளும் தெரிந்தன. உடனே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு எல்பிஜி கேஸும் எழுதியிருக்கிறது. வாங்கும்போது பெயரையும் எண்களையும் சரிபார்த்த நாங்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

இந்தியாவில் வாகனத்துக்கு எல்பிஜியைப் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டில்தான் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே அதற்குப் பின் யாரோ கிட் பொருத்தி, பல ஆண்டுகள் ஓட்டி, பிறகு கழற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது உள்ளே சிறிது குளிர்ச்சியைத் தரும். எல்பிஜியோ வாயுவாகவே நுழைவதால் அந்தக் குளிர்ச்சி கிடையாது. புகைபோக்கி வால்வும் அதன் இருக்கையும் கூடுதல் சூட்டைத் தாங்க நேரிடுகிறது. இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே புதைகிறது. அதன் தண்டு ராக்கரை நோக்கி எழும்பி இடைவெளியை விழுங்கிவிடுகிறது. கேஸில் ஓடும் வண்டிக்கு டேப்பெட்டை அடிக்கடி சரிபார்த்தால் போதும்; இதற்கு அது நடக்கவில்லை.

2023 டிசம்பர் 27

ஆறு வால்வுகளையும் சரிசெய்தேன். புகைபோக்கி வால்வுகள் மூன்றுக்கும் உச்ச அளவான 0.18 வைத்தேன். இரண்டாம் சிலிண்டர் குளிர்ந்த நிலையில் 10.6 காட்டியது. உதறல் இல்லை. மேட்டில் மூன்றாம் கியரிலேயே பாரத்தோடு ஏறுகிறது. மொத்தச் செலவு, லேத் கூலியும் வால்வு மூடி கேஸ்கெட்டும் சேர்த்து 430 ரூபாய்.

2024 பிப்ரவரி 11

1,200 கிலோமீட்டர் ஓடிய பின், இன்று காலை மீண்டும் அளந்தேன். முதல், மூன்றாம் சிலிண்டர்களில் 0.18 அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் 0.15 ஆகக் குறைந்துவிட்டது. அந்த இருக்கை இன்னும் தேய்கிறது. திருகைத் திருப்பி இதை நெடுநாள் தள்ளிப்போட முடியாது. இன்றைக்கு மறுபடியும் 0.18 வைத்துவிட்டேன். கொய்யா வரத்து குறைந்ததும், பதிவு புதுப்பிக்கும் ஜூனுக்கு முன்பாக, ஹெட்டை மட்டும் கழற்றி இரண்டாம் சிலிண்டருக்குப் புது வால்வும் இருக்கையும் போடுவதென்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பிஸ்டனையும் ரிங்கையும் தொடப் போவதில்லை.