முதல் பருவமும் நான்கு ஆய்வகங்களும்: பி.ஃபார்ம் முதலாண்டில் நான் கற்றவை

பி.ஃபார்ம் சேர்ந்த செய்தியை ஊரில் சொன்னபோது பெரும்பாலானோர் கேட்டது, "மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்பா?" என்பதுதான். அவர்கள்மேல் குறையில்லை, நானும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணியிருந்தேன். மாத்திரைகளின் பெயர்களையும், எந்த நோய்க்கு எது என்பதையும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள் என்று எதிர்பார்த்துக் கல்லூரிக்குப் போனவளுக்கு, முதல் பருவம் முழுவதும் அப்படி ஒரு பட்டியலை யாரும் தரவில்லை. எடையைச் சரியாகப் போடவும், கண்மட்டத்தில் வைத்து அளவைப் படிக்கவும், செய்ததைச் செய்தபடியே எழுதவும்தான் கற்றுத் தந்தார்கள். இந்த ஆண்டு சேரவிருக்கும் சிலர் முதலாண்டைப் பற்றி என்னிடம் கேட்டு வருவதால், நான் அதைக் கடந்து வந்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட ப்யூர் சயின்ஸ் பிரிவு. இந்திய மருந்தியல் கவுன்சில் வகுத்த பாடத்திட்டமே நாடு முழுவதும் பி.ஃபார்முக்குப் பொது. நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். முதல் பருவத்தின் முதன்மைப் பாடங்கள் நான்கு: உடற்கூறு மற்றும் உடலியங்கியல், மருந்துப் பகுப்பாய்வு, மருந்தாக்கவியல், கனிம வேதியியல். இவை ஒவ்வொன்றுக்கும் வாரம் நான்கு மணி நேரச் செய்முறை வகுப்பு உண்டு. இவற்றோடு தகவல் தொடர்புத் திறனும், பள்ளியில் கணிதம் படிக்காதவர்களுக்கு ரெமிடியல் கணிதமும், உயிரியல் படிக்காதவர்களுக்கு ரெமிடியல் உயிரியலும் சேரும். இந்தச் சிறு பாடங்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு இல்லை, கல்லூரி அளவிலேயே தேர்வு நடக்கும். முதன்மைப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25 என்று மதிப்பெண் பிரியும். வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது.

முதல் மாதம் மொழியோடு கழிந்தது. தசைநாண், குருத்தெலும்பு, செவ்வணு என்று எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள்களே ஆங்கிலப் பெயரில் வந்து நின்றபோது, ஒன்றும் தெரியாதவளைப் போல உட்கார்ந்திருந்தேன். பள்ளி விலங்கியல் புத்தகத்தை வீட்டிலிருந்து வரவழைத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலுமாகக் குறிப்பு எழுதத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு காதில் ஏறியது. தமிழ் வழி மாணவர்கள் பலர் இந்த மாதத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தாக்கவியலின் முதல் இன்டர்னல் தேர்வில் நான் தேறவில்லை. காரணம், சர்க்கரைப் பாகு. மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலான இந்திய மருந்தியல் ஏட்டின்படி சிம்பிள் சிரப் என்பது எடைக்கு எடை 66.7 சதவீதச் சர்க்கரை. அதாவது 667 கிராம் சர்க்கரையைக் கரைத்து, மொத்த எடை 1000 கிராம் ஆகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். நான் 1000 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தேன். கிராமும் மில்லிலிட்டரும் தண்ணீருக்குத்தான் ஏறத்தாழ ஒன்று, கெட்டியான பாகுக்கு அல்ல என்பதை நான் யோசிக்கவேயில்லை. விடைத்தாளைத் தந்தபோது ஆசிரியை, "நீ எழுதின சிரப் நீர்த்துப்போகும்மா, பூஞ்சை பிடிச்சிடும்" என்றார். சர்க்கரை அந்த அளவுக்குச் செறிந்திருப்பதால்தான் பாகு கெடாமல் நிற்கிறது. குறைந்தால் நுண்ணுயிர் வளரும், கூடினால் சர்க்கரை படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும். அதன்பின் எந்தச் சதவீதத்தைக் கண்டாலும், எடைக்கு எடையா, பருமனுக்கு எடையா, பருமனுக்குப் பருமனா என்று கேட்காமல் நான் கணக்கைத் தொடுவதில்லை.

இந்தப் பாடத்தின் கணக்குகள் கடினமானவை அல்ல, ஆனால் கவனம் பிசகினால் மன்னிக்காதவை. 95 சதவீத ஆல்கஹாலையும் 60 சதவீத ஆல்கஹாலையும் கலந்து 70 சதவீதம் வரவழைக்க எவ்வளவு எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அலிகேஷன் முறைக் கணக்கு. குறுக்காகக் கழித்தால் (70-60, 95-70) பத்துக்கு இருபத்தைந்து, அதாவது இரண்டு பங்குக்கு ஐந்து பங்கு. குழந்தைக்கான அளவை வயதைக் கொண்டு கணக்கிடும் யங் சூத்திரமும் இங்கேதான் வருகிறது. நான்கு வயதுக் குழந்தையென்றால், நான்கை நான்கோடு பன்னிரண்டு கூட்டிய எண்ணால் வகுக்க, பெரியவர்களுக்கான அளவில் கால் பங்கு கிடைக்கும். நடைமுறையில் இப்போது உடல் எடையைக் கொண்டுதான் பெரும்பாலும் அளவைக் கணிக்கிறார்கள் என்றாலும், குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அல்ல என்ற எண்ணத்தை மனத்தில் ஊன்றியது அந்தச் சூத்திரம்தான்.

இதே பாடத்தின் ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த பால் போன்ற எமல்ஷனைத் தயாரித்தது. லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய்க்கு விகிதம் 3:2:1, அதாவது எண்ணெய் மூன்று பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, அக்கேசியா கோந்துப் பொடி ஒரு பங்கு. மார்ட்டர் என்ற கல்வத்தில் எண்ணெயையும் கோந்தையும் சேர்த்துச் சிறிது அரைத்துவிட்டு, அந்த இரண்டு பங்குத் தண்ணீரையும் ஒரே வீச்சில் ஊற்றி, பெஸ்டில் என்ற குழவியை ஒரே திசையில் வேகமாகச் சுழற்ற வேண்டும். முதல் முறை நான் மார்ட்டரைக் கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஈரத்தில் கோந்து கட்டிகட்டியாகத் திரண்டு, எண்ணெய் தனியே மிதந்தது. எவ்வளவு அரைத்தும் கை வலித்ததே தவிர ஒன்று சேரவில்லை. மறுவாரம் துணியால் துடைத்துத் துடைத்து உலர்த்திய மார்ட்டரில் செய்தபோது, மூன்று நிமிடம் போல ஆனதும் பெஸ்டில் சுழலும் ஓசை மாறியது. வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது, டக் டக்கென்று ஒட்டி ஒட்டி விடுபடத் தொடங்கியது. மஞ்சள் கலந்திருந்த கலவை கண்முன்னே வெண்ணெய்போல் வெளுத்தது. அந்த ஓசை வந்தால் முதன்மை எமல்ஷன் உருவாகிவிட்டது என்று பொருள். பிறகுதான் மேற்கொண்டு தேவைப்படும் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். எழுத்தில் எத்தனை முறை படித்தாலும் இந்த ஓசையைக் காது அறியாமல் எமல்ஷன் செய்ய வராது.

மருந்துச் சீட்டைப் படிப்பதும், லேபிள் எழுதுவதும் அதே ஆய்வகத்தில்தான். ஓ.டி. என்ற இரண்டெழுத்தை நம் மருத்துவர்கள் "நாளுக்கு ஒருமுறை" என்ற பொருளில் எழுதுகிறார்கள். பழைய லத்தீன் வழக்கிலோ அது "வலது கண்". கண் மருந்துச் சீட்டில் இந்த ஐயம் வந்தால் ஊகிக்கக் கூடாது, எழுதியவரிடமே கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கேலமைன் லோஷன் செய்த அன்று, "வெளிப்பூச்சுக்கு மட்டும்", "நன்கு குலுக்கிப் பயன்படுத்தவும்" என்ற இரண்டு வரிகளை விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் ஒட்டியதற்கு என் மதிப்பெண் பாதியானது. அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தத் தண்டனை நியாயமானதுதான். குலுக்காமல் எடுத்தால் அடியில் மருந்தும் மேலே தண்ணீருமாகத்தானே நோயாளிக்குக் கிடைக்கும்?

பகுப்பாய்வு ஆய்வகம் பொறுமையைச் சோதிக்கும் இடம். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்வதால், அதை எடைபோட்டுக் கரைத்துவிட்டு இதுதான் அதன் செறிவு என்று சொல்லிவிட முடியாது. தூய்மை உறுதியான வேறொரு பொருளைக் கொண்டு தரப்படுத்த வேண்டும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கடைசித் துளி விழும்போது, நிறங்காட்டியான பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மங்காமல் நிற்க வேண்டும், ஒரு துளி கூடினாலும் அடர் ரோஜா நிறமாகிக் கணக்கு கெட்டுவிடும். ஒத்துப்போகும் அளவீடுகள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதால், முதல் அளவீட்டைப் பார்த்து மற்றவற்றை அமைத்து எழுதிக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடையே உண்டு. இதைக் கடுமையாகச் சொல்வதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: இந்தப் படிப்பில் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். ஆய்வகத்தில் அளவீட்டை அமைத்து எழுதும் கை, நாளை ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அறிக்கையிலும் அதையே செய்யும். 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு எலிக்சிர் என்ற மருந்தில் கரைப்பானாக டைஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்து, அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்காமலேயே விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களில் பலர் குழந்தைகள், இறந்துபோனார்கள். அதை வகுப்பில் கேட்ட பிறகு என் அப்சர்வேஷன் நோட்டில் ஒரு எண்ணைக்கூட அழித்து எழுத மனம் வரவில்லை.

கனிம வேதியியலில் லிமிட் டெஸ்ட் என்ற மாசு வரம்புச் சோதனைகள் நிறைய உண்டு. குளோரைடு வரம்பை மீறியிருக்கிறதா என்று சில்வர் நைட்ரேட் சேர்த்து, ஒன்றில் மாதிரியும் மற்றொன்றில் வரம்பளவும் கொண்ட நெஸ்லர் கண்ணாடி உருளைகள் இரண்டைக் கருப்புப் பின்னணியில் வைத்து, எது அதிகம் கலங்கியிருக்கிறது என்று ஒப்பிடுவோம். இரும்புச்சத்து மாத்திரைக்கு உதவும் இரும்பு உப்பான பெரஸ் சல்பேட்டும் அங்கேதான் தயாரித்தோம். இரும்புத் தூளை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சுண்டவைத்து ஆறவிட்டபோது, வெளிர் பச்சைப் பாசிமணி நிறத்தில் சிறு சிறு படிகங்கள் பீக்கரின் அடியில் பூத்திருந்தன. அழகாக இருக்கிறதே என்று வடிதாளிலேயே இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் அவற்றின் விளிம்புகள் துருப்பிடித்தது போலப் பழுப்பேறியிருந்தன. ஈரக்காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பெரஸ் என்ற வடிவில் இருந்த இரும்பு பெரிக் என்ற வடிவுக்கு மாறிவிட்டது.

அதே வாரம் உடலியங்கியல் ஆய்வகத்தில் சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்தோம். நம் விரலில்தான் லான்செட்டால் குத்திக்கொள்ள வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரத்தத்தை விட்டால் அது பழுப்பு நிறமாகும். பக்கத்தில் ஒப்பிட வைத்திருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை துளித்துளியாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். என் குழாயில் சீக்கிரமே நிறம் ஒத்துவிட்டது. 100 மி.லி. இரத்தத்தில் 9.2 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தவறாகச் செய்துவிட்டேன் என்று எண்ணி மறு விரலில் குத்திப் பார்த்தேன், அதே எண்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்குக் காரணம் சோம்பல் என்று வீட்டில் சொல்லி வந்தது அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாளே மருத்துவரைப் பார்த்தேன். அவர் எழுதித் தந்தது இரும்புச்சத்து மாத்திரைதான்.

இரண்டு வாரம் கழித்துப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் பெரஸ் சல்பேட்டை செரிக் அமோனியம் சல்பேட்டால் மதிப்பிடும் பயிற்சி வந்தது. பெரோயின் என்ற நிறங்காட்டி சேர்த்த கரைசல் சிவப்பிலிருந்து வெளிர் நீலமாக மாறும் இடமே முடிவுநிலை. இந்த முறையில் பெரஸ் இரும்பு மட்டுமே கணக்கில் வரும், பெரிக்காக மாறிப்போனது வராது. என் பழுப்புப் படிகங்களை இப்படிச் சோதித்திருந்தால் அளவு குறைந்திருக்கும் என்று அந்த மேசையிலேயே புரிந்தது. மாத்திரைக்கு ஏன் பூச்சு கொடுக்கிறார்கள், ஈரம் புகாமல் ஏன் வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கியது. அதுவரை நான்கு பாடங்களும் நான்கு தனித்தனி ரெக்கார்டு நோட்டுகளாகவே எனக்குத் தெரிந்தன. ஓர் ஆய்வகத்தில் நான் செய்த உப்பை இன்னோர் ஆய்வகத்தில் அளந்து, மூன்றாவது ஆய்வகத்தில் அது தேவைப்படும் உடலாக நானே இருந்தேன்.

இரண்டாம் பருவத்தில் கரிம வேதியியல், உயிர்வேதியியல், நோய்க்கூற்று உடலியங்கியல், கணினிப் பயன்பாடு, சுற்றுச்சூழல் அறிவியல், உடற்கூறின் இரண்டாம் பகுதி என்று சுமை கூடியது. ஆனால் படிக்கும் முறை பிடிபட்டுவிட்டதால் அரியர் இல்லாமல் முடித்தேன். ரெமிடியல் கணிதத்தில் நான் வேண்டாவெறுப்பாகக் கற்ற மடக்கையும் நுண்கணிதமும் பின்னாளில் மருந்து இரத்தத்தில் குறையும் வேகத்தைக் கணக்கிடத் தேவைப்படும் என்பதால், அதைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கையிடம், பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று கேட்டேன். "வயித்தைப் புரட்டுதுக்கா, ஜன்னல் வழியா போட்டுடுவோம்" என்றாள். நானும் என் பள்ளிக் காலத்தில் அதைத்தான் செய்திருந்தேன். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டபின் போடு, கூடவே டீ குடிக்காதே, எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது, மலம் கருப்பாகப் போனால் பயப்படாதே என்று சொல்லி, என் ரெக்கார்டு நோட்டில் 9.2 என்று எழுதியிருந்த பக்கத்தை அவளிடம் காட்டினேன். அவள் அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் பார்க்க முடியுமாக்கா?" என்று விரலை நீட்டினாள். மறுநாள் காலை இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.