கலங்கின நாட்களில் எழுதியவை

மார்ச் 3
கண் விழித்ததுமே அந்தப் பாரம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ஆனாலும் எழுந்து பல் துலக்குவதே மலைப்பாக இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சரி, அதையாவது சொன்னேன்.

மார்ச் 4
"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தை ஒருவர் காலையிலேயே அனுப்பியிருந்தார். அன்போடுதான் அனுப்பினார். ஆனால் சோர்ந்து கிடக்கிறவர்களுக்கு அது மட்டும் தனியாக வரும்போது, செய்ய முடியாத இன்னொரு கடமையாகத்தான் தெரிகிறது.

வேதத்தில் சங்கீதம் 88ஐத் திறந்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியோ துதியில் போய் முடியும். இது முடிவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் விலகிப்போனதைச் சொல்லி, 18ஆம் வசனத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் முதல் வரியில், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் சங்கீதக்காரர் கூப்பிடுகிறார். இருட்டு விலகவில்லை, கூப்பிடுவதையும் அவர் நிறுத்தவில்லை. இப்படியும் ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மார்ச் 6
இன்று எலியா தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைக் கண்ட மனிதர், ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அப்புறம் தூங்கிவிடுகிறார்.

தேவன் அவரை என்ன செய்தார் என்பதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கண்டிக்கவில்லை. 'இவ்வளவு பெரிய அற்புதத்தைப் பார்த்தும் உனக்கு விசுவாசம் இல்லையா' என்று கேட்கவில்லை. தூதன் வந்து தொட்டு எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபம் இல்லை. தூதன் இரண்டாந்தரம் எழுப்பி, போகவேண்டிய வழி வெகுதூரம் என்கிறான். ஓரேப் மலையில் தேவனுடைய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் 40 நாள் நடந்தபிறகுதான். அதற்கு முன்பு தேவன் கொடுத்தது சாப்பாடும் தூக்கமும்.

நேரத்துக்குச் சாப்பிட்டேன். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு மதியம் தூங்கினேன். அதையும் அவர் கையிலிருந்து வாங்கினதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு
ஆராதனையில் பாட முடியவில்லை. சுற்றி இருந்தவர்கள் பாடினார்கள். எனக்கும் சேர்த்து அவர்கள் பாடட்டும் என்று நின்றேன்.

மார்ச் 11
மருத்துவரைப் பார்த்தேன். விசுவாசி இதற்கெல்லாம் ஏன் மருத்துவரிடம் போகவேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்போஸ்தலன் பவுலோடு இருந்த லூக்காவையே வேதம் "பிரியமான வைத்தியன்" என்கிறது. ஜெபமும் செய்கிறேன், மருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14
கெத்செமனே தோட்டம், இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த இடம். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்." இயேசுவே மூன்று நண்பர்களைக் கூட இருக்கச் சொல்லிக் கேட்டாரே! அவர் கேட்டிருக்கும்போது நான் கேட்பதில் என்ன? சபையில் இருக்கும் ஒரு அக்காவுக்கு, 'கொஞ்சம் வந்து உட்காருங்கள் அக்கா' என்று எழுதினேன்.

வந்தார்கள். ஒன்றும் போதிக்கவில்லை. நாற்காலியில் நாள்கணக்கில் குவிந்து கிடந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் வைத்துச் சுருக்கம் நீவி மடித்தார்கள். நான் பேசினேன், நடுவில் பேச்சு நின்றுபோனது. அவர்கள் மடித்துக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "ஆண்டவரே, இவளோடு இரும்" என்று மட்டும் ஜெபித்தார்கள்.

மார்ச் 17
யோவான் 14:27. "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்." சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு சொன்னது இது. துரோகமும் கைதும் சில மணி நேரத்தில் வரப்போகிறது என்று தெரிந்தே சொல்கிறார். எல்லாம் சரியான பிறகு கிடைக்கிற நிம்மதியாக இருந்தால், அந்த இரவில் அவரிடமே அது இருந்திருக்காது. எனக்குள்ளும் பாரம் முழுதாக இறங்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் தரை இருக்கிறது, விழுந்துகொண்டே இருக்கவில்லை.

இன்று ஜெபத்தில் இன்னொருவருடைய பெயரும் வந்தது. வேலை போய் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தோழி. நாளை அவளைப் போனில் கூப்பிட வேண்டும்.